கொக்கியில் ஒரு பொட்டு

ஒரு கிரேனுக்குப் பொட்டு வைத்தது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் எதற்கு? இந்தக் கேள்வியை நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அதுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் எதிரில். என் வாய் அப்படி. எனக்கு ஜம்புலிங்கம் என்று பெயர் வைத்த அப்பா, கூடவே ஒரு பூட்டும் வாங்கி வைத்திருக்கலாம்.

அகல்யா மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

“நீங்க சொல்லுங்கம்மா. இவன் பேசினா ஃபேன் சத்தம்னு நினைச்சுக்குங்க,” என்றார்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் துப்பறியும் ஆபீஸ். எங்கள் போர்டைவிடக் கீழே இருக்கும் ‘கலர் ஜெராக்ஸ்’ போர்டு பெரியது. அதனால் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஆதார் கார்டோடுதான் வருவார்கள். ஆனால் இந்த அம்மாள் வழி தவறி வரவில்லை. பெயர் புஷ்பா. ஏரிக்கு எதிரே இருக்கும் அடுக்குமாடியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறார். நெற்றியில் அழுத்தமாகக் குங்குமம். தாலிக்கயிற்றில் மஞ்சள் காயாமல் இருந்தது.

தன் போனை மேஜையில் வைத்தார். அடுக்குமாடி வாட்ஸ்அப் குரூப்பில் செயலாளர் கோகுல்நாத் போட்டிருந்த புகைப்படம். மஞ்சள் பெயின்ட் அடித்த ஒற்றைக்கால் கிரேன், அதன் கொக்கியில் சந்தனம், நடுவில் குங்குமம். கீழே ஒரு கோபம்: ‘புதுப் பூங்காவில் உள்ள புராதனச் சின்னத்தை அசிங்கப்படுத்தியது யார்? பொதுச் சொத்தைப் பாழாக்காதீர்கள்.’

அந்தப் பூங்கா எனக்கும் தெரியும். ஏரிக்கரையில் கோதண்டம் பிளேட்டிங் என்று ஒரு முலாம் பூசும் கம்பெனி இருந்தது. அது ஓடிய காலத்தில் கரையோரத் தண்ணீர் ஒரு நாள் பச்சை, ஒரு நாள் நீலம். பெருவெள்ளம் வந்த வருஷத்தோடு கம்பெனி மூடி, கூரை துருப்பிடித்துக் கிடந்தது. இந்த ஆடியில்தான் எல்லாவற்றையும் இடித்து நடைபாதை, ஊஞ்சல், படகுத்துறை என்று திறந்துவிட்டார்கள். பழைய கம்பெனியின் நினைவாக அந்தக் கிரேன் மட்டும் நிற்கிறது.

“அந்தக் கிரேன ஓட்டுனது எங்க ஊட்டுக்காரரும்மா,” என்றார் புஷ்பா. “உத்தமன்னு பேரு. ஆயுத பூஜைக்கு எல்லாரும் மிஷினு மூஞ்சில பொட்டு வெப்பாங்க. இவரு மட்டும் கொக்கிக்கு உள்பக்கம் வெப்பாரு. வெயிட்டு உக்கார்ற எடம் அதான், சாமியும் அங்கதான் கீதும்பாரு. கம்பெனியே சிரிக்கும். வேற யாரும் அப்டி வெக்க மாட்டாங்கம்மா.”

மேடம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பொட்டு கொக்கியின் வளைவுக்கு உள்ளேதான் இருந்தது.

“அவர் இப்போ எங்கே?”

“அத்தக் கேக்கத்தான் வந்தேன். வெள்ளத்தன்னிக்கி வேலைக்குப் போனாரு. வரல. பத்து வருசமாவுது. கம்பெனி செம்புத் தகட்ட எல்லாம் தூக்கிகினு ஓடிட்டாருன்னு சொன்னாங்க. திருடன் பொண்டாட்டின்னு தெருவுல பேராயிடுச்சி. எம்பொண்ணு இஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு அழுவும். அப்பால ஊட்டக் காலி பண்ணிகினு திருநின்றவூர் போயிட்டேன்.”

“ஆயுத பூஜை முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே. இப்போ ஏன்?”

புஷ்பா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். “தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். கார்த்திகா. பத்திரிகை அடிக்கக் குடுத்துக்கீறேன். அப்பா பேருக்கு முன்னாடி அமரர்னு போடணுமா வேணாமான்னு பிரஸ்ல தெனம் போன் பண்றாங்க. போட்டா, உசுரோட கீறவர நானே கொன்னுட்ட மாதிரி. போடாட்டி, மாப்ள ஊட்ல ‘எங்க உங்கப்பா’ன்னு கேப்பாங்க. பொண்ணத் தாரவார்க்க மணையில நான் உக்காரலாமா, தூர நிக்கணுமா, அதுகூடத் தெர்லம்மா எனக்கு.”

இதற்கு மேல் ஃபேன் சத்தம் வரவில்லை.

மதியமே கிளம்பினோம். ஐப்பசி மழை அன்று ஒரு நாள் லீவு போட்டிருந்தது. ஏரியில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. ஊஞ்சலுக்குக் குழந்தைகள் சண்டை போட்டன. ஐ.டி. தம்பதி ஒன்று கிரேன் முன்னால் நின்று ஆளுக்கொரு கோணத்தில் செல்ஃபி எடுத்தது. அவர்கள் நகரும்வரை மேடம் பொறுமையாக நின்றார். நான் நிற்கவில்லை. “சார், அது சிரிக்காது, நீங்க சிரிங்க,” என்றேன். போய்விட்டார்கள்.

மழையில் சந்தனம் கரைந்துபோயிருந்தது. கொக்கியின் உள்வளைவில் மங்கலாக ஒரு சிவப்பு மட்டும் மிச்சம்.

“ஜம்பு, கையை நீட்டி அந்தக் கொக்கியைத் தொடு.”

“எங்கம்மா என்னை அவ்ளோ ஒசரமா பெக்கல மேடம்.”

“அப்போ பொட்டு வச்சவர் எப்படித் தொட்டார்?”

“ஏணி போட்டிருப்பாரு.”

“இந்தக் கொக்கி காத்துலயே ஆடுது. ஏணியைச் சாய்க்க எங்கே இடம்? சங்கிலியைப் பாரு. பெயின்ட் அடிச்சு வளையத்தை எல்லாம் ஒட்டவச்சிருக்காங்க. ஆனா வளையத்துக்கு வளையம் பெயின்ட் வெடிச்சிருக்கு. யாரோ இதைப் பிடிச்சு இழுத்துக் கொக்கியைக் கீழே இறக்கியிருக்காங்க. பொட்டு வச்சுட்டு மறுபடி மேலே ஏத்தியிருக்காங்க.”

“அடேங்கப்பா. ஆனா சங்கிலி நுனிய இந்த இரும்புப் பொட்டிக்குள்ள வச்சிப் பூட்டிக்கீதே.”

“அதான். சாவி யார்கிட்டே?”

சாவி யாரிடம் என்பதைச் சொன்னவர் லாவண்யா. பூங்காவைக் கட்டிய ஒப்பந்தக்காரரின் இன்ஜினியர். குடிநீர்க் குழாய் ஒன்று திறந்த மூன்றாம் மாதமே ஒழுக ஆரம்பித்ததால் அங்கே வந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

“கிரேன் பூட்டா? ராஜு அண்ணன்கிட்ட இருக்கும். தோட்டத்தை அவர்தான் பார்க்கிறார்.”

“எல்லாத்தையும் இடிச்சீங்க. இதை மட்டும் ஏன் விட்டீங்க?” மேடம் சும்மா பேச்சுக்குக் கேட்பது போலத்தான் கேட்டார்.

“இதையும் எடுக்கத்தான் பிளான் மேடம். இந்த இடத்துல ஃபவுன்டன் வரணும். ராஜு அண்ணன்தான் வேண்டவே வேண்டாம்னார். இதோட அஸ்திவாரம் பதினஞ்சடி ஆழமாம், ஏரிக்கரையோட சேர்ந்து இருக்காம், நோண்டினா கரை உடைஞ்சிடுமாம். அந்தக் கம்பெனியிலயே வேலை பார்த்தவராச்சே, சரின்னு விட்டுட்டோம். கடைசியில எல்லாரும் இந்தக் கிரேனைத்தான் பாராட்டினாங்க.”

“ராஜு அண்ணன் இப்போ இருக்காரா?”

“அதோ.”

தூரத்தில் செடி வெட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். தலையையும் வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார். கண் மட்டும் தெரிந்தது. நாங்கள் கிரேனுக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. அப்படியே நின்றார்.

லாவண்யா குழாயோடு மல்லுக்கட்டப் போனதும் நான் மேடத்தின் காதருகே போனேன். “கேஸ் ஓவர் மேடம். பழைய கம்பெனி ஆளு, கையில சாவி, மூஞ்சில துண்டு, பேரு மட்டும் ராஜு. உத்தமன்தான் பேர மாத்திகினு தான் ஓட்டுன கிரேனுக்கே காவலு காக்குறாரு. ஊரு திருடன்னு சொன்னப்புறம் சொந்தப் பேர்ல எப்டி வருவாரு? ஆனா மிஷின வுட மனசு வரல. ஆயுத பூஜையாச்சே, கை சும்மா இருக்குமா?”

“இருக்கலாம்.”

“இருக்கலாமா? இதுக்கு மேல இன்னா வோணும், ஆதார் கார்டா?”

“கிரேனோட அடியை நான் இன்னும் பாக்கல, ஜம்பு. அவசரப்படாதே.” சொல்லிவிட்டு ஈரத் தரையில் முழங்காலிட்டார்.

அவசரப்படாதே என்று சொன்னால் என் கை அரிக்க ஆரம்பிக்கும். நல்ல சேதியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சும்மா நிற்பது?  வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கிப் போன் போட்டேன்.

“அம்மா, ஆளு கெடச்ச மாதிரிதான். பார்க்குலதான் கீறாரு. வாங்க.”

  மறுமுனையிலிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

“மெலிஞ்சிட்டாராப்பா?”

“தூர நின்னு பாக்கறேம்மா. செரியாத் தெர்ல.”

“எப்டி இருந்தா இன்னா. வந்துட்டேன்.”

எனக்கே கண் கலங்கிவிட்டது. ஒரு குடும்பத்தை ஒட்டவைத்துவிட்ட பெருமிதத்தோடு திரும்பினேன். மேடம் கிரேன் பீடத்துக்கு இரண்டடி தள்ளி, தரைக்கல்லை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இந்தப் பீடத்தைப் பிடிச்சிருக்கிறது நாலே நாலு போல்ட்டு. பதினஞ்சடி அஸ்திவாரம் இருக்கிற மிஷினுக்கு நாலு போல்ட்டா?” என்றார். “சரி, இது என்னன்னு சொல்லு.”

தரைக்கல்லில் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். “மெழுகு.”

“ஆயுத பூஜைக்கு மிஷினுக்கு என்ன ஏத்துவாங்க?”

“சூடம், ஊதுவத்தி. பூசணிக்கா ஒடப்பாங்க. அப்பால பொரி குடுப்பாங்க. அந்தப் பொரிக்கோசரம் சின்ன வயசுல அம்பத்தூர் எஸ்டேட்டுல ஏறி எறங்காத கம்பெனி இல்ல மேடம்.”

“மெழுகுவத்தி?”

“கரண்டு போனா ஏத்துவாங்க.” நான் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை.

“சந்தனம் மழையில கரைஞ்சுடுச்சு. மெழுகு கரையாது. பக்கத்துல பாரு, அழுகிப்போன சாமந்தி. மிஷின் மேல வைக்கல, மிஷின் அடியிலயும் வைக்கல. ரெண்டடி தள்ளி, வெறும் தரைக்கு வச்சிருக்காங்க. ஆவடி குவார்ட்டர்ஸ்ல எங்களுக்குப் பக்கத்து வீடு வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. நவம்பர் ரெண்டாந்தேதி பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கிட்டு எங்கே போவாங்க தெரியுமா?”

தெரியும். அன்றைக்குக் கீழ்ப்பாக்கம் பக்கம் போய் டிராஃபிக்கில் மாட்டிய எவனுக்கும் தெரியும்.

“கல்லறைத் திருநாள்,” என்றேன். 

“பொட்டு மிஷினுக்கு வைப்பாங்க ஜம்பு. இந்த மெழுகுவத்தி மனுஷனுக்கு. அந்த ராஜு அஸ்திவாரம் ஆழம்னு பொய் சொன்னது கிரேனைக் காப்பாத்த இல்ல. இந்த இடத்தை யாரும் தோண்டக் கூடாதுன்னு. தனக்குத் தானே யாராவது மெழுகுவத்தி ஏத்திக்குவாங்களா?”

“மேடம்…”

“என்ன?”

“நான் அந்தம்மாவுக்கு போன் பண்ணிட்டேன்.”

மேடம் என்னைப் பார்த்தார். “அடப்பாவி,” என்றார். அவ்வளவுதான். அதைவிட என்னை ஏரியில் தள்ளியிருக்கலாம்.

துண்டுக்காரர் தானாகவே எங்களை நோக்கி நடந்து வந்தார். அருகில் வந்ததும் துண்டை அவிழ்த்தார். அறுபதை நெருங்கும் முகம், கழுத்தில் ஜெபமாலை. “போலீஸாம்மா?”

“இல்ல. உங்க முழுப் பேர் என்ன?”

“இருதயராஜ்.”

அதற்குள் கேட்டுப் பக்கம் புஷ்பா தெரிந்தார். வேலை யூனிஃபார்ம் இல்லை. வேறு புடவை மாற்றியிருந்தார். முகம் கழுவி, பவுடர் போட்டு, தலையில் மல்லிகைப்பூ. ஓடி வரவும் முடியாமல் நடந்து வரவும் முடியாமல் வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பூவை வாங்க வைத்தவன் நான்தான்.

“ராஜு அண்ணே!” இருதயராஜை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. “நீங்களும் இங்கதான் கீறீங்களா? ஊட்டுக்கு வந்து துன்னுட்டுப் போவீங்களே, மறந்தே போச்சா? எங்கண்ணே அவரு?” அவர் கண் இருதயராஜைத் தாண்டிச் செடிப்பக்கம், படகுத்துறைப் பக்கம் என்று தேடியது.

 இருதயராஜ், மெழுகு உறைந்திருந்த கல்லுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்லின் மேல் கையை வைத்தார்.

“இங்கதாம்மா,” என்றார்.

புஷ்பாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மேடம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“வெள்ளத்தன்னிக்கி ஏரித்தண்ணி உள்ள பூந்துட்ச்சி தங்கச்சி. இங்கதான் கழிவுத் தொட்டி இருந்துச்சி. நான் வழுக்கி உள்ள உளுந்துட்டேன். எல்லாரும் வெளிய ஓடிட்டாங்க. உத்தமண்ணன் மட்டும் ஓடல. கரண்டு இல்ல. சங்கிலியக் கையால இழுத்துக் கொக்கிய எறக்குனாரு. அந்தக் கொக்கி உள்பக்கத்தப் புடிச்சிகினுதான் நான் மேல வந்தேன். நான் ஏறித் திரும்பிப் பாக்கறேன், அவரு நின்னுகினு இருந்த சிலாபு உள்ள போவுது. கூடவே அவரும்…”

ஊஞ்சல் பக்கம் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

“தண்ணி வடிஞ்சதும் மேனேஜரு வந்தாரு. ஆள எடுக்கலாம் சார்னேன். பர்மிசன் இல்லாம கட்டுன தொட்டி, அது அங்க இருந்ததே வெளிய தெரியக் கூடாதுன்னாரு. கல்லக் கொட்டி மூடிட்டாங்க. வாயத் தொறந்தா நான்தான் தள்ளிவுட்டேன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன்னாரு. பயந்துட்டேன். செம்பத் திருடிகினு போயிட்டாருன்னு கதை கட்டுனாங்க. அப்பவும் பேசல. அந்த மேனேஜரு செத்தே நாலு வருசமாவுது. அப்பவும் பேசல. பேசாம இருந்தே பழகிப்போச்சி. பார்க்கு கட்டறாங்கன்னதும்தான் தாங்க முடியல. அவரு எலும்பு ஜேசிபி ஆளு கையில கெடச்சா, குப்பையோட லாரில ஏத்திடுவானேன்னு வேலை கேட்டு வந்தேன். அவரு வெக்கிற பொட்ட நானாச்சும் வெக்கலாம்னு வெச்சேன். எனக்குத் தெரிஞ்ச மெழுகுவத்தியும் ஏத்துனேன்.”

“கத்துனாரா?” என்றார் புஷ்பா. “யாரயாச்சும் கூப்ட்டாரா?”

“இல்ல தங்கச்சி. நான் மேல ஏறுற வரைக்கும் சங்கிலிய மட்டும் வுடல.”

அதன் பிறகுதான் புஷ்பா அவரை அடித்தார். இரண்டு கையாலும், தோளில், மார்பில், முதுகில். “பத்து வருசம்டா பாவி! எம்பொண்ணு ‘எங்கப்பன் திருடனாம்மா’ன்னு கேட்டா. நான் இல்லன்னு சொன்னேன். ஆனா எனக்கே தெர்லடா. மெய்யாலுமே தெர்ல. நானும் ராத்திரில சந்தேகப்பட்டேன்டா அவர!” இருதயராஜ் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. நான் விலக்கப் போனேன். மேடம் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

கை ஓய்ந்ததும் புஷ்பா கல்லருகே உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. “ஓடிப்போனவன் பொண்டாட்டியா வாழ்ந்தாச்சி. செத்தவன் பொண்டாட்டியா வாழறது அத்தவிட மேலு,” என்றார். அப்புறம்தான் அழுகை வந்தது.

மேடமும் தரையிலேயே உட்கார்ந்தார். “ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுக்கணும்மா. இந்த இடத்தைத் தோண்டுவாங்க. பேப்பர்ல வரும். கல்யாணத்துக்கு முன்னாடி இதெல்லாம் வேணாம்னு நீங்க நினைச்சா…”

“தோண்டட்டும். அவர வெளிய எடுத்துட்டுத்தான் எம்பொண்ணு மணையில உக்காருவா. திருடன் இல்லன்னு ஊரு படிக்கட்டும்.”

“இன்னிக்கே வரேம்மா,” என்றார் இருதயராஜ். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். யாரும் கேட்கவில்லை. அவராகவே சங்கிலியை இழுத்தார். கொக்கி கிறீச்சிட்டபடி இறங்கி, புஷ்பாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

புஷ்பா அதன் உள்வளைவைத் தடவிப் பார்த்தார். தலையிலிருந்த மல்லிகைப்பூவை எடுத்து அதில் மாட்டினார்.

அந்த நேரம் பார்த்து வாக்கிங் ஷூவோடு வந்து நின்றார் கோகுல்நாத். “புஷ்பா? நீயா இதெல்லாம் பண்றே? இது பொதுச் சொத்துன்னு குரூப்ல படிச்சுப் படிச்சுச் சொல்றேனே!”

வேறு நாளாக இருந்தால் அவருக்கு நான் பத்துப் பதில் வைத்திருப்பேன்.  அன்றைக்குப் புஷ்பாதான் சொன்னார்.

“எங்க ஊட்டுக்காரரு இதுக்குக் கீழ கீறாரு சார். எடுத்ததும் கழட்டிடறேன்.”

கோகுல்நாத் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு காலிலிருந்த ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

புஷ்பாவின் போன் அடித்தது. அவர் கொக்கியை விடாததால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். பிரஸ்காரர்.

“அம்மா, அரை மணிக்கு முன்னாடி போன் பண்ணி, அப்பா வந்துட்டாரு, பேருக்கு முன்னாடி ஒண்ணும் போடாதன்னீங்களே, மெஷின்ல ஏத்திடவா?”

என் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

“இருப்பா. அமரர்னு போட்டுடு.”

“ஐயையோ. என்னம்மா சொல்றீங்க? இப்பத்தானே… எப்போம்மா?”

புஷ்பா கொக்கியைப் பார்த்தார்.

“இன்னிக்கித்தாம்பா,” என்றார்.